விருது கற்றுக்கொடுத்தவருக்கா, கோப்புக்கா?

2025 மார்ச் 2, காலை

மாகாண மட்டத்தில் சிறந்த வேலைத்தலப் பயிற்சிக்கான விருதுக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறார்கள். படிவம் என் மேசைக்கு வந்து மூன்று நாளாகிறது. பதினான்கு பக்கம். கடந்த வருடம் எத்தனை மணிநேரம் பயிற்சி கொடுத்தீர்கள், எத்தனை பேருக்கு, எவ்வளவு செலவு, பயிற்சித் திட்டத்தின் பிரதி, வரவுப் பதிவேட்டின் பிரதி, ஆறு புகைப்படங்கள். எல்லாம் கேட்கிறது. கற்றுக்கொடுத்தது யார் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை.

கொழும்பில் வளிச்சீராக்கிகளைப் பொருத்தித் திருத்திக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். கடைசி ஒன்பது வருடம் பயிற்சிக்குப் பொறுப்பு. இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு சொல்கிறேன்: இப்போது நடக்கிற முறையில் இந்த விருது பயிற்சிக்குப் போகவில்லை, கோப்புக்குப் போகிறது. கோப்பை அழகாகக் கட்டத் தெரிந்த நிறுவனம் மேடையேறுகிறது. கையில் கரியோடு நின்று ஒரு பையனைத் தொழிலாளியாக ஆக்கியவர் அன்றைக்கும் வேலைத்தலத்தில்தான் நிற்கிறார்.

இதை வாசிப்பவர்களில் யாருடைய இடமாவது இப்படி விருது வாங்கியிருந்தால் இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள். அதற்குப் பிறகு பயிற்சி கூடியதா, குறைந்ததா, அப்படியே இருக்கிறதா? வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கேடயத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

மார்ச் 2, இரவு

காலையில் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். விருதே வேண்டாம் என்று சொல்வதுபோல் இருக்கிறது. அது என் எண்ணம் இல்லை. எனக்கு இந்த விருது வேண்டும். யாருக்காக என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் ஒரு பாஸ், அதாவது கைதேர்ந்த மூத்த தொழிலாளி, இருக்கிறார். கொம்பனித்தெருவைச் சேர்ந்த மலாய்க்காரர். பையன்களுக்கு அவர் பாஸ், எனக்கு நானா, அதாவது அண்ணன். பதினாறு வயதில் ஒரு பட்டறையில் துடைப்பம் பிடித்து வேலையைத் தொடங்கியவர். வெள்ளைக்காரன் காலத்துக் குளிர்சாதனப் பெட்டியையும் திருத்துவார், நேற்று வந்த இன்வேட்டர் ஏசியையும் திருத்துவார். தமிழ், சிங்களம், மலாய் மூன்றிலும் கற்றுக்கொடுப்பார். இன்றைக்கு எங்கள் தொழில்நுட்பவியலாளர்களில் பாதிப் பேர் அவர் கையால் பழகியவர்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் இதே விருதுக்கு விண்ணப்பித்தோம், கிடைக்கவில்லை. அந்த விண்ணப்பத்தில் ஆறு புகைப்படம் வைத்தேன். ஒன்றில்கூட அவர் இல்லை. படம் பிடிக்கும்போதெல்லாம் அவர் யாராவது ஒரு பையனுக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டிருந்தார்.

மார்ச் 4

"தேசிய விருது ஒன்று இருந்தால் போதாதா, மாகாணத்துக்கு ஒன்று எதற்கு" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதில் எனக்குத் தயக்கமில்லை. மாகாண விருதுதான் முதலில் வேண்டும். மாகாணத்துக்குள் என்றால் நடுவர் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேரலாம். தேசிய மட்டத்தில் நடுவர் பார்ப்பது காகிதத்தை. அவ்வளவு தூரம் அலைய யாராலும் முடியாது.

ஆனால் மாகாணமும் ஒரே அளவில் தைத்த சட்டை இல்லை. மேல் மாகாணம் என்றால் கொழும்பு, கம்பஹா, களுத்துறை ஆகிய மூன்று மாவட்டங்கள். 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலைக்குத் தனியாகப் பயிற்சிப் பிரிவே இருக்கும். பஞ்சிகாவத்தையில் நான்கு பேர் வேலை செய்யும் கராஜில் பயிற்சி என்பது முதலாளியும் பையனும் ஒரே எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதுதான். இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தால் கராஜ்காரர் எந்தக் காலத்திலும் வெல்லமாட்டார். பயிற்சி மணிநேரத்தை எழுதிவைக்க அவரிடம் ஆளே இல்லை.

சிட்னியிலிருந்து எழுதிய அக்காவுக்கு நன்றி. நியூ சவுத் வேல்ஸில் முதலில் பிராந்தியச் சுற்று, அதில் வென்றவர்கள் மாநிலச் சுற்றுக்கு, அங்கு வென்றவர்கள் அவுஸ்திரேலியப் பயிற்சி விருதுகளுக்கு என்று படிப்படியாகப் போகிறார்களாம். சிறிய நிறுவனம், நடுத்தர நிறுவனம், பெரிய நிறுவனம் என்று வேலை கொடுப்போரைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: ஆண்டின் சிறந்த தொழிற்பயிலுநருக்கு ஒரு விருது, சிறந்த பயிற்றுநருக்குத் தனியாக ஒரு விருது. நிறுவனம் ஒரு பக்கம், பழகியவர் ஒரு பக்கம், பழக்கியவர் ஒரு பக்கம். மூன்றும் மூன்று ஆட்கள் என்பதை அவர்கள் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் தொழிற்பயிலுநர் விருதுகளிலும் பிராந்தியத்தில் வென்றவர்கள்தான் தேசியச் சுற்றுக்குப் போகிறார்கள். ஆக, கீழிருந்து மேலே ஏறும் வழி உலகத்துக்குப் புதிதல்ல. எங்கள் படிவத்தில் ஒரே ஒரு பிரிவுதான் இருக்கிறது.

மார்ச் 5

"பாஸ் கற்றுக்கொடுப்பது அப்படி என்ன விசேஷம், எல்லாப் பட்டறையிலும் பாஸ்மார் இருக்கிறார்களே" என்று கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதும் வாசகர் ஒருவர் கேட்டார். நேற்றுக் கண்டதை எழுதுகிறேன்.

புதிதாக வந்த வெல்லம்பிட்டிப் பையன் செப்புக் குழாயின் வாயை விரிக்கப் பழகுகிறான். வேலை இவ்வளவுதான்: குழாயைக் கட்டரால் சுற்றிச் சுற்றி வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பில் உள்ளே சுருளும் பிசிரைச் சுரண்ட வேண்டும். சுரண்டும்போது குழாயின் வாய் கீழே பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செப்புத் தூள் உள்ளே போய்விடும். பிறகு நட்டைக் குழாயில் மாட்ட வேண்டும். அதன்பின் குழாயைக் கட்டையில் இறுக்கி, கூம்பைத் திருகி வாயைப் புனல்போல் விரிக்க வேண்டும். வாய் விரிந்துவிட்டால் அந்தப் பக்கத்தால் நட்டு ஏறாது.

பையன் வெட்டினான். வாயைக் கீழே பிடித்துச் சுரண்டினான். கட்டையில் இறுக்கினான். நட்டு மேசையில் கிடக்கிறது. நானா பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு வாய் துடிக்கிறது. அவர் என் பக்கம் திரும்பிக் கையை மட்டும் சற்று உயர்த்தினார். பையன் திருகி முடித்தான். விரிப்பு அருமையாக வந்திருந்தது, ஒரு கீறல் இல்லை. நானா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "வடிவான வேலை, மகன்" என்றார். பிறகு மேசையில் கிடந்த நட்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அவன் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். விரித்த வாயை வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். அப்போதுதான் நானா ஒரு அடிக்கோலை எடுத்து, வெட்டி எறிந்த துண்டை அளந்து காட்டினார். "சுவருக்குள்ளே ஓடும் குழாயில் இவ்வளவு நீளம் உனக்கு மிச்சம் இருக்குமா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்து "நட்டு" என்று சொல்லியிருந்தால் பையன் அன்றைக்கு நட்டை மாட்டியிருப்பான். அடுத்த கிழமை தெஹிவளையில் ஒரு மூன்றாம் மாடியில், பக்கத்தில் யாருமில்லாத நேரத்தில் மறந்திருப்பான்.

இந்தப் பத்து நிமிடத்தைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மார்ச் 8

பயிற்சியை அளப்பது எப்படி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மனிதவளத் துறையில் இருப்பவர்கள் கிர்க்பாட்ரிக்கின் நான்கு படிகளைச் சொல்கிறார்கள். 1959இல் அமெரிக்காவில் டொனால்ட் கிர்க்பாட்ரிக் எழுதத் தொடங்கியது: பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. எங்கள் விருதுப் படிவம் முதல் படியையும் நான்காம் படியையும் கேட்கிறது. பங்குபற்றியோரின் கருத்துத் தாளைக் கேட்கிறது, இலாபம் கூடியதா என்று கேட்கிறது. நடுவில் இருக்கும் இரண்டு படியையும் தாண்டிவிடுகிறது.

கருத்துத் தாளில் எல்லோரும் நன்று என்றுதான் அடையாளமிடுவார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தால் மிக நன்று. இலாபம் கூடியதற்கு வெயிலும் காரணமாக இருக்கலாம். ஏப்ரல் மாதத்தில் எந்த ஏசிக்காரருக்கு வேலை குறைந்தது? மூன்றாவது படிதான் பயிற்சியின் உண்மையான இடம். ஆறு மாதம் கழித்து அந்தப் பையனின் கை என்ன செய்கிறது என்பது.

இதையும் நானாவின் மேசையிலிருந்தே சொல்கிறேன். செப்புக் குழாயை நெருப்பில் சூடாக்கி ஒட்டும்போது உள்ளே நைட்ரஜன் வாயுவை மெல்ல ஓடவிட வேண்டும். விடாவிட்டால் குழாயின் உள்பக்கத்தில் கறுப்பாக ஒரு படலம் பிடிக்கும். வெளியே பார்த்தால் இரண்டு ஒட்டும் ஒன்றுபோல் மினுங்கும். கசிவுச் சோதனையிலும் இரண்டும் தேறும். வெக்குவம் பம்பை வைத்துக் குழாயின் உள்ளழுத்தத்தை 500 மைக்ரோனுக்கு இறக்கினாலும் இரண்டும் நிற்கும். வாடிக்கையாளர் காசு கொடுத்து அனுப்பிவிடுவார். மாதங்கள் கழிய அந்தக் கறுப்புப் பொடி உரிந்து போய் வடிகட்டியை அடைக்கும், கொம்பிரசரின் உயிரையும் வாங்கும்.

நானா இரண்டு ஒட்டுகளை நீளவாக்கில் அறுத்து வைத்திருக்கிறார். ஒரு வெள்ளைத் தாளின் மேல் இரண்டையும் தட்டுவார். ஒன்றிலிருந்து எதுவும் விழாது. மற்றதிலிருந்து அடுப்புக்கரி மாதிரிக் கொட்டும். அந்தத் தாளை மடித்துப் பையனின் சட்டைப் பையில் வைத்து அனுப்புவார்.

எங்கள் தொழிலில் பயிற்சி சரியா பிழையா என்பது ஒட்டிய அன்றைக்குத் தெரியாது. அப்படியிருக்க, பயிற்சி முடிந்த அன்றே நிரப்பிய தாளை வைத்துக்கொண்டு விருது கொடுத்தால் என்ன அர்த்தம்?

இரண்டாவது உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுபவமில்லாத ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்தபோது, மேற்பார்வையாளர்களுக்கு நான்கு படியில் கற்பிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்: ஆளைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், பிறகு தொடர்ந்து கவனி. தொழிலாளி கற்கவில்லையென்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை என்பது அவர்களின் சுலோகம். போருக்குப் பின் இது ஜப்பானுக்குப் போய் அங்கே வேரூன்றியது. நானா இதைக் கேள்விப்பட்டவர் அல்லர். ஆனால் நான்கு படியும் அவர் கையில் இருக்கிறது.

மார்ச் 9

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். மதியச் சாப்பாட்டைப் பற்றி எழுதியது ஒரு வாசகியைப் புண்படுத்தியிருக்கிறது. அவர் தன் தொழிற்சாலையில் கருத்துத் தாளைப் பெயரில்லாமல் நிரப்பச் சொல்லி, வந்த குறைகளைப் படித்து வகுப்பையே மாற்றியவர். அப்படிச் செய்தால் முதல் படிக்கும் பெறுமதி உண்டு. ஏற்றுக்கொள்கிறேன்.

மார்ச் 13, பூரணை விடுமுறை

மார்ச் 2 காலையில் நான் எழுதியது பிழை. படிவம் கற்றுக்கொடுத்தவரைக் கேட்கவில்லை என்று எழுதினேன். கேட்டிருக்கிறது.

கம்பஹாவிலிருந்து ஒருவர் நேற்று எழுதினார்: "ஒன்பதாம் பக்கத்தில் பயிற்றுநரின் பெயர், சேவைக்காலம், முன் அனுபவம் கேட்கிறார்களே, உங்களுக்கு வேறு படிவமா வந்தது?" அவர் கையில் இருப்பது சிங்களப் படிவம். என்னிடம் இருப்பது தமிழ்ப் படிவம். இன்று வீட்டிலிருந்தபடி இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன்.

சிங்களத்தில் புஹுணுகரு என்றால் பயிற்சி கொடுப்பவர். புஹுணுலாபி என்றால் பயிற்சி பெறுபவர். தமிழில் பயிற்றுநர், பயிலுநர். ஒன்பதாம் பக்கத்தில் சிங்களப் படிவம் புஹுணுகருவைக் கேட்கிறது. தமிழ்ப் படிவத்தில் அதே இடத்தில் பயிலுநர் என்று இருக்கிறது. மொழிபெயர்த்தவருக்கு இரண்டு சொல்லும் ஒன்றாகப் பட்டிருக்கிறது, அல்லது அவசரத்தில் சறுக்கியிருக்கிறது. பயிலுநரிடம் எதற்குச் சேவைக்காலம் கேட்கிறார்கள் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் படிவம் கேட்டால் நிரப்பத்தானே வேண்டும் என்று மூன்று பையன்களின் பெயரை எழுதி, முன் அனுபவம் இல்லை என்று குறித்து வைத்திருந்தேன்.

தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் சொல்லிவிட்டது. எனக்கு முப்பத்தெட்டு வருடத்துக் கோபம் முழுவதையும் இந்த ஒரு சொல்லின் மேல் கொட்டப் பிரியமில்லை. படிவத்தைத் தமிழிலும் அச்சடித்திருக்கிறார்கள் என்பதை மதிக்கிறேன். பல இடங்களில் அதுவுமில்லை. ஆனால் தமிழில் அச்சடித்த பிறகு, அந்தத் தமிழை ஒரு தமிழர் ஒருமுறை வாசித்துப் பார்த்திருந்தால் போதும். அரைமணிநேர வேலை.

இந்த ஒரு சொல்லால் தமிழில் நிரப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பாஸின் பெயரை எழுதாமல் விட்டிருக்கும்.

மார்ச் 14

என் முதல் வாதம் பாதி விழுந்துவிட்டது என்று இருவர் சொல்கிறார்கள். ஆம், விழுந்துவிட்டது. பதினான்கு பக்கத்தில் ஒரு பக்கம் கற்றுக்கொடுத்தவருக்கு இருக்கிறது. மிச்சப் பாதியை விடமாட்டேன்: அந்த ஒரு பக்கத்துக்குப் புள்ளி எவ்வளவு, நடுவர் அவரை நேரில் பார்ப்பாரா என்பவை அப்படியே நிற்கின்றன.

ஏற்பாட்டாளர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். மூன்று பத்தி. இரண்டு ஒன்பதாம் பக்கங்களின் பிரதியும் இணைத்திருக்கிறேன்.

மார்ச் 19

இதை எழுத மனம் கனக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதியை அலுமாரியிலிருந்து தேடி எடுத்தேன். அதிலும் ஒன்பதாம் பக்கம். அதிலும் பயிலுநர். என் கையெழுத்தில் மூன்று பெயர்கள். வயது 19, 19, 20. சேவைக்காலம் நான்கு மாதம். முன் அனுபவம் இல்லை.

நடுவர்கள் இதைச் சிங்களப் படிவத்தின் ஒழுங்கில்தான் வாசித்திருப்பார்கள். இந்த நிறுவனத்தில் கற்றுக்கொடுப்பவர்கள் நான்கு மாதச் சேவையுள்ள பத்தொன்பது வயதுப் பையன்கள் என்றுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் தோற்றோம் என்று சொல்லமாட்டேன், வேறு குறைகளும் இருந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு வந்தது "தங்கள் விண்ணப்பம் தெரிவாகவில்லை" என்ற ஒற்றை வரி. "உங்கள் பயிற்றுநர்களுக்கு அனுபவம் போதவில்லை" என்று இன்னும் ஒரு வரி எழுதியிருந்தால் நான் அடுத்த நாளே எழுந்து ஓடியிருப்பேன்.

அமெரிக்காவின் மல்கம் போல்ட்ரிஜ் தர விருதைப் பற்றி இங்கே முன்பு ஒருவர் சொன்னபோது நான் பெரிதாக எடுக்கவில்லை. 1987இல் சட்டம் இயற்றி 1988இல் முதன்முதலாகக் கொடுத்த விருது. அதில் விண்ணப்பித்த எல்லோருக்கும், வென்றாலும் தோற்றாலும், எங்கே பலம் எங்கே குறை என்று எழுத்தில் அறிக்கை போகும். வென்றவர்கள் தங்கள் முறையை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கேடயத்துக்காக அல்ல, அந்த அறிக்கைக்காகவே விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் உண்டு என்றார் அவர். இப்போது எனக்கு அது முழுதாக விளங்குகிறது.

நடுவர்கள் வேலைத்தலத்துக்கு வருவது முடியாத காரியம் என்பவர்களுக்கும் ஒன்று. இந்த நாட்டில் அது ஏற்கெனவே நடக்கிறது. தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். பள்ளிக்கூடம் போகாமல் தொழிலைக் கையால் பழகியவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி ஒன்று இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நைட்டா என்ற அரச பயிற்சி அதிகாரசபை அதைச் செய்கிறது. நானா நான்காம் மட்டச் சான்றிதழை அப்படித்தான் எடுத்தார். மதிப்பீட்டாளர் எங்கள் பட்டறைக்கே வந்தார். காகிதத்தைப் பார்த்தார், பிறகு மூடி வைத்துவிட்டு "செய்து காட்டுங்கள்" என்றார். பின்னேரம் வரை நின்று கையைப் பார்த்தார். ஒரு தனி மனிதரின் சான்றிதழுக்கு ஒருவர் இவ்வளவு செய்யும்போது, ஒரு மாகாணத்தின் விருதுக்கு மூன்று நடுவர்கள் இறுதிச் சுற்றில் இருக்கும் ஐந்து இடங்களுக்குப் போகக்கூடாதா?

மார்ச் 23

கொட்டாஞ்சேனைக்காரர் மறுபடியும் வந்து ஒரு முள்ளைக் குத்தியிருக்கிறார். "நன்றாகப் பழக்கினால் பையன் கட்டாருக்குப் போய்விடுகிறான். பழக்கியவனுக்கு நட்டம். இதில் விருது வேறு."

எங்களிடம் பழகியவர்களில் டோஹாவில், துபாயில், மாலேயில் இருப்பவர்களை எண்ணினால் ஒரு பஸ்ஸை நிரப்பலாம். ஒவ்வொருவரும் போகும்போது எங்கள் முகாமையாளர் இரண்டு நாள் யாரோடும் கதைக்கமாட்டார். அவருடைய கணக்கும் பிழையில்லை. ஒரு பையனைத் தனியாக வேலைக்கு அனுப்பக்கூடிய நிலைக்குக் கொண்டுவர வருடம் ஒன்றரை ஆகிறது. அதுவரை அவன் கெடுக்கும் செப்பும் கேஸும் நிறுவனத்தின் காசு.

முதலில் நான், போனவர்களைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றுதான் எழுத நினைத்தேன். எழுதி அழித்துவிட்டேன். ஏசிக்குள் ஓடும் பழைய ஆர் 22 குளிரூட்டி வாயு ஓசோனைக் கெடுக்கிறது என்று மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் உலகமெங்கும் விலக்கி வருகிறார்கள். இப்போது வரும் ஆர் 32 தீப்பற்றக்கூடியது, குறைந்த அளவில் என்றாலும். பழைய பழக்கத்தில் கசிவுள்ள குழாயில் நெருப்பை வைத்தால் ஆபத்து. இதை ஒழுங்காகப் பழகிய ஒருவன் வெள்ளவத்தையில் வேலை செய்தாலும் கட்டாரின் வக்ராவில் வேலை செய்தாலும் ஒரு வீட்டைக் காப்பாற்றுகிறான். அவனைப் பழக்கிய இடத்துக்குத்தான் அந்தப் புள்ளி சேர வேண்டும்.

ஆகவே மாற்றிச் சொல்கிறேன்: விருதுப் படிவத்தில் "உங்களிடம் பழகி இப்போது வேறிடத்தில் இருப்பவர்கள்" என்று ஒரு கட்டம் வேண்டும். முகாமையாளர் அந்தக் கட்டத்தைப் பெருமையோடு நிரப்பும் நாள் வந்தால், அவரது இரண்டு நாள் மௌனமும் குறையும்.

ஏப்ரல் 3

சில நாட்களுக்கு முன்னர் ஏற்பாட்டாளர்களிடமிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். தமிழில் கதைத்த ஒரு தங்கச்சி. பிழையை ஒப்புக்கொண்டார்கள். தமிழில் விண்ணப்பித்த எல்லோருக்கும் திருத்திய ஒன்பதாம் பக்கத்தை அனுப்புவதாகச் சொன்னார், மறுநாளே எனக்கு வந்தது. பயிற்றுநர் என்று தெளிவாக இருக்கிறது. தெரிவாகாதவர்களுக்கு எழுத்தில் காரணம் சொல்வதைப் பற்றிக் கேட்டேன். அடுத்த வருடக் கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார். நேரில் வருவதைப் பற்றி அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. முடியாததை முடியும் என்று சொல்லாமல் விட்டாரே, அதற்கும் நன்றி சொன்னேன்.

இன்று வேலை முடிந்த பிறகு படிவத்தை எடுத்துக்கொண்டு நானாவின் மேசைக்குப் போனேன். பெயரை எழுதினேன். சேவைக்காலம் எழுதினேன். "இவரால் பயிற்றப்பட்டோர் தொகை" என்ற இடத்தில் பதிவேட்டைப் பார்த்து 31 என்று எழுதி அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"முப்பத்தொன்றா?" என்றார். விரல் மடக்கி ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார். நான் பதிவேட்டில் விரலை வைத்துப் பின்னாலேயே போனேன். முப்பத்தொன்றுக்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. இரவுக் காவலாளியின் மகன் ஒருவன், ஒரு வருடம் பின்னேரங்களில் வந்து பழகியவன், சம்பளப் பட்டியலில் இல்லாததால் பதிவேட்டிலும் இல்லை. இன்னொருவன் எனக்கு முந்தியவர் காலத்தில் வந்தவன். அவன் இப்போது வத்தளையில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான்.

"அத்தாட்சி கேட்பார்கள், நானா" என்றேன்.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார். "மகன், நான் பாஸ் கதைக்கிறேன். நீ என்னிடம் பழகினாய் என்று ஒரு கடிதம் வேண்டுமாம்." மறுபக்கத்தில் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. நானா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு "தமிழில் எழுது, போதும்" என்று சொல்லி வைத்தார்.

31ஐ வெட்டி 33 என்று எழுதிப் பக்கத்தில் என் சுருக்கக் கையொப்பத்தை இட்டேன். வத்தளைக்காரர் நாளை பின்னேரம் கடிதத்தோடு தானே வருகிறாராம். காவலாளியின் மகனை நான் தேட வேண்டும், கிராண்ட்பாஸ் பக்கம் இருப்பதாகக் கேள்வி. கடைசித் திகதி ஏப்ரல் 11.